செம்பின் பச்சைப் போர்வை

மக்கள் மிகப் பழங்காலத்திலேயே கண்டறிந்து பயன்கொண்ட உலோகங்களுள் செம்பும் ஒன்று. குடமும் குவளையுமாகவும், காசும் பட்டயமுமாகவும், பிற்காலத்தில் மின்கம்பியாகவும் அது மாந்தர்க்கு உதவி வருகின்றது. புதிதாகத் துலக்கிய செப்புக்குடம் அந்தி வானம் போலச் செந்நிறம் வீசும். அதனைச் சில நாள் துலக்காது விட்டால் ஒளி மழுங்கிக் கறுக்கும். ஈரமும் புளிப்பும் பட்ட இடங்களில் பச்சையாக ஒன்று படியும். அதனைக் களிம்பு என்பர்.

களிம்பு நம் மொழியில் குற்றத்துக்கு ஓர் அடையாளமாகவே வழங்கி வருகின்றது. உயிரை இயல்பாகவே பற்றி நிற்கும் ஆணவ மலத்துக்குச் செம்பில் உள்ள களிம்பைச் சைவ சித்தாந்த நூல்கள் உவமை கூறும். அடுக்களையிலும் அது பகையே. புளிப்புப் பண்டம் செப்புக் கலத்தில் நெடுநேரம் தங்கினால், செம்பு கரைந்து உணவோடு கலந்து உடலுக்குத் தீங்கு செய்யும். அதனாலேயே சமையற் கலங்களின் உட்புறத்தில் ஈயம் பூசுவதும், வெளிப்புறத்தைப் புளியிட்டுத் தேய்ப்பதும் வழக்கமாயின.

ஆயின், ஒரு பொருள் ஓரிடத்தில் குற்றமாக இருப்பதனால் எல்லா இடத்திலும் குற்றமாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. கலத்தில் குற்றமாகிய அப்பச்சை, கட்டடத்தின் கூரையிலும் வெளிச்சுவரிலும் பெருங்குணமாக விளங்குகின்றது. இவ்வுண்மையை உணராமையால், உலகப் புகழ் பெற்ற சிலை ஒன்று தன் இயற்கை நிறத்தை இழக்க இருந்தது. அவ்வரலாற்றை அறிவோமாயின், பச்சைச் செம்பின் இயல்பு நமக்கு எளிதில் விளங்கும்.

ஐக்கிய அமெரிக்காவில் நியூயார்க் துறைமுகத்தின் வாயிலில், சிறு தீவு ஒன்றில் சுதந்திர தேவியின் சிலை நிற்கின்றது. பிரெஞ்சு மக்கள் அமெரிக்க மக்களுக்கு நட்பின் அறிகுறியாக வழங்கிய கொடை அது. அதனை வடிவமைத்தவர் பார்த்தோல்டி என்னும் சிற்பி. உள்ளே தாங்கி நிற்கும் இரும்புச் சட்டகத்தை அமைத்தவர், பிற்காலத்தில் பாரிஸ் நகரத்துக் கோபுரத்தால் பெரும்புகழ் எய்திய ஈபெல் என்னும் பொறியியல் வல்லுநர். சிலையின் உயரம் ஏறக்குறைய 46 மீட்டர். அத்துணைப் பெரிய உருவத்தின் மேல்தோல் 2.4 மில்லிமீட்டர் கனமுள்ள செப்புத் தகடேயாகும். இரண்டு சிறு நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு கனம் இருக்குமோ அவ்வளவே. அத்தகடுகளை மர அச்சுகளின்மேல் வைத்துத் தட்டித் தட்டி வடிவுறச் செய்து, பின் ஒன்றோடொன்று பொருத்தினர்.

1886-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 28-ஆம் நாள் சிலை திறந்து வைக்கப்பெற்றது. அன்று அதன் நிறம் பச்சையன்று. செம்புக்கே உரிய செந்நிறமாகும். கடற்காற்றும் மழையும் பனியும் அதனை இடைவிடாது தாக்கின. சில ஆண்டுகளில் செம்மை மாறிப் பழுப்பாயிற்று. பழுப்பு கருமை அடைந்தது. பின்னர் ஆங்காங்கே பச்சை படரத் தொடங்கியது. இருபது ஆண்டுகள் கழிந்தபோது சிலை முழுவதும் பச்சைப் போர்வை போர்த்து நின்றது.

இதனைக் கண்ட அரசினர் அஞ்சினர். 'செம்பு அரிக்கப்படுகின்றது, இங்ஙனமே விட்டால் சிலை அழிந்துபடும்' என்று அவர்கள் எண்ணினர். 1906-ஆம் ஆண்டு, அந்நாட்டுச் சட்டமன்றமாகிய காங்கிரஸ், சிலையைப் பழுதுபார்ப்பதற்கும், அதன் உள்ளும் புறமும் வண்ணம் பூசுவதற்குமாக 62,800 டாலர் ஒதுக்கியது. இச்செய்தி பரவியதும் மக்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். தாம் நாள்தோறும் கண்டு மகிழ்ந்த பசுமையை வண்ணத்தால் மறைக்க அவர்கள் உள்ளம் ஒருப்படவில்லை.

மக்களின் விருப்பம் ஒன்றே சிலையைக் காத்துவிடாது. உண்மையிலேயே செம்பு அழிந்து கொண்டிருந்தால், அழகை எண்ணி வாளா இருத்தல் அறிவுடைமை ஆகாது. ஆதலின் இராணுவத்தைச் சார்ந்த பொறியியலாளர்கள் அப்பச்சைப் படிவை ஆராய்ந்தனர். அது சிலையைத் தின்னும் நோயன்று, சிலையைக் காக்கும் கவசம் என்று அவர்கள் முடிவு கண்டனர். அதனால் சிலையின் உருவம் மென்மையும் அழகும் பெற்றுள்ளது என்பதும் அவர்கள் கருத்தாயிற்று. வெளிப்புறம் வண்ணத்தினின்றும் தப்பியது. உட்புறத்துக்கு மட்டும் வண்ணம் பூசினர்.

களிம்பு கவசம் ஆவது எங்ஙனம்? இரும்பையும் செம்பையும் ஒப்புநோக்கினால் இது விளங்கும். இரும்பு துருப்பிடிக்கும்போது, துரு இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைத்துக்கொண்டு பொருக்குப் பொருக்காக உப்பி உதிர்கின்றது. உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்படுகின்றது. அதனையும் துரு பற்றுகின்றது. இங்ஙனம் இரும்பு முழுவதும் மாயும் வரையில் அழிவு தொடர்கின்றது. செம்பின் இயல்போ வேறு. காற்றிலுள்ள பிராணவாயு செம்போடு கூடி, முதலில் மெல்லிய பழுப்புப் படலம் ஒன்றை உண்டாக்குகின்றது. நிலக்கரி முதலியன எரிவதால் எழும் கந்தக வாயு ஈரத்தோடு கலந்து அப்படலத்தின்மீது படிகின்றது. ஆண்டுகள் செல்லச் செல்லச் செம்பும் கந்தகமும் பிராணவாயுவும் நீரும் சேர்ந்த பச்சை நிற உப்பு உருவாகின்றது. இதற்குப் புரோகண்டைட் என்று பெயர். கடலோரத்தில், கடல் உப்பிலுள்ள குளோரின் செம்போடு சேர்ந்து அட்டகமைட் என்னும் மற்றொரு பச்சை உப்பும் தோன்றுவதுண்டு. இவை மழைநீரில் எளிதில் கரைவதில்லை. செம்பை இறுகப் பற்றி நிற்கின்றன. ஆதலின் அடியிலுள்ள செம்பை மேலும் தாக்கக் காற்றுக்கும் ஈரத்துக்கும் வழி அரிதாகின்றது.

இப்பச்சையின் தன்மையை நெடுங்காலம் மக்கள் பிறழ உணர்ந்திருந்தனர். இது கரியமிலவாயுவால் உண்டாவது என்றே பலரும் நம்பினர். 1929-ஆம் ஆண்டு வெர்னான், விட்பி என்னும் ஆங்கில அறிஞர் இருவர் தம் ஆராய்ச்சியை வெளியிட்டு, பழஞ் செப்புக் கூரைகளின் பச்சையில் மிகுந்திருப்பது கந்தகம் சேர்ந்த உப்பே என்று காட்டினர்.

சிலையின் செப்புத் தோல் நூறு ஆண்டுகளில் இழந்த கனம் எவ்வளவு என்பதைப் பிற்காலத்தில் கணக்கிட்டனர். அது ஏறக்குறைய 0.13 மில்லிமீட்டரே. மொத்தக் கனத்தில் இருபதில் ஒரு பங்கினும் சற்று மிகுதி எனலாம். கடல் நடுவே ஒரு நூற்றாண்டு நின்ற மெல்லிய தகட்டுக்கு இஃது எத்துணைச் சிறிய இழப்பு! 1906-இல் பொறியியலாளர் கண்ட முடிவு பொய்க்கவில்லை.

சிலைக்கு உண்மையான தீங்கு வேறிடத்தில் மறைந்திருந்தது. செப்புத் தகடுகளைத் தாங்கிய பட்டைகள் இரும்பால் ஆனவை. இருவேறு உலோகங்கள் ஈரத்தின் நடுவே ஒன்றையொன்று தொட்டு நின்றால், மின்கலத்தில் நிகழ்வது போன்ற மாறுதல் அங்கும் நிகழ்ந்து, அவற்றுள் ஒன்று விரைந்து அழியும். செம்பும் இரும்பும் கூடினால் அழிவது இரும்பே. இதனை அறிந்தே, இரண்டுக்கும் இடையில் அரக்கு தோய்த்த கல்நார்ப் பட்டையை ஈபெல் வைத்திருந்தார். காலப்போக்கில் அது நைந்து போயிற்று. இரும்பு துருப்பிடித்து உப்பியது. தகடுகளைப் பிணைத்திருந்த தறையாணிகள் பெயர்ந்தன. மக்கள் கண்ணுக்குக் கெட்டதாகத் தோன்றிய வெளிப்புறம் நலமாக இருந்தது. கண்ணுக்குத் தோன்றாத உட்புறமே கெட்டது.

ஆதலின் 1984-ஆம் ஆண்டு தொடங்கி 1986-ஆம் ஆண்டு வரை சிலையைப் பெரிய அளவில் பழுதுபார்த்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட இரும்புப் பட்டைகளை அகற்றித் துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளை அமைத்தனர். அப்போது வேறோர் இடர்ப்பாடு எழுந்தது. சில இடங்களில் செப்புத் தகட்டையே மாற்ற வேண்டியிருந்தது. புதுச் செம்போ செந்நிறமுடையது, சிலையோ பச்சை. பழம் பட்டாடையில் புதுத்துணி கொண்டு ஒட்டுப்போட்டாற்போல் அது எடுத்துக்காட்டும் அன்றோ? அந்த ஒட்டு தானே பச்சையாகும் வரை காத்திருப்பதாயின் பல ஆண்டுகள் கழியும்.

அதற்கு ஒரு வழி கிடைத்தது. நியூ ஜெர்சி மாநிலத்தில் பெல் ஆய்வகத்தின் கட்டடம் ஒன்றுக்குச் செப்புக் கூரை இருந்தது. பல ஆண்டு வெயிலும் மழையும் பட்டு, அதன் பச்சை சிலையின் பச்சையைப் பெரிதும் ஒத்திருந்தது. அக்கூரையின் பழந்தகடுகளைப் பெற்றுச் சிலையைச் செப்பனிடப் பயன்படுத்தினர். காலம் ஒரு கூரையில் எழுதிய நிறம் ஒரு சிலையின் குறையைத் தீர்த்தது.

ஆயின், ஒவ்வொரு பழங்கட்டடத்துக்கும் இத்தகைய கூரை கிடைத்தல் இயலுமா? ஐரோப்பிய நாடுகளில் பச்சைச் செப்புக் கூரையுடைய கோயில்களும் அரண்மனைகளும் பலவுண்டு. புயலாலோ நெருப்பாலோ ஒரு பகுதி கெட்டால், அதனைப் புதுப்பிக்கும்தோறும் இவ்விடர் எழும். புதிய கட்டடங்களைக் கட்டுவோருக்கும் தம் வாழ்நாளிலேயே அப்பசுமையைக் காணவேண்டும் என்னும் விருப்பம் உண்டு. இயற்கையோ அவரவர் விருப்பத்துக்கு இசைந்து விரைவதில்லை. ஆலைப்புகை மிக்க நகரிலும் கடற்கரையிலும் செம்பு விரைந்து பச்சையாகும். தூய காற்றுள்ள உள்நாட்டில் காலம் மிகும். வறண்ட நிலத்தில் பழுப்பு நிறத்தோடே நின்றுவிடுதலும் உண்டு. ஈரம் தங்கும் சரிந்த கூரை முந்தும். நீர் வழிந்தோடும் செங்குத்துச் சுவர் பிந்தும்.

இன்னொரு வியப்பும் இங்குக் கருதத்தக்கது. 1952-ஆம் ஆண்டு இலண்டன் நகரைச் சூழ்ந்த நச்சுப் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். அதன்பின் 1956-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் காற்றுத் தூய்மைச் சட்டம் இயற்றப்பெற்றது. பிற நாடுகளும் இத்தகைய சட்டங்களை இயற்றின. காற்றில் கந்தக வாயு குறைந்தது. மக்கள் நலம் பெற்றனர். ஆனால் செம்பு பச்சையாவதற்கு முன்னைக் காட்டிலும் மிகுந்த காலம் வேண்டுவதாயிற்று. காற்றைக் கெடுத்துக் கூரையை அழகு செய்ய எவரும் விரும்பார். ஆகவே, கூரைக்கு வேண்டிய பசுமையைத் தொழிற்சாலையிலேயே முன்கூட்டி உண்டாக்கும் முறைக்கு மதிப்பு ஏறியது.

இம்முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அறிஞர்கள் இதில் ஈடுபட்டனர். அம்மோனியம் சல்பேட் என்னும் உப்பின் கரைசலைச் செப்புக் கூரைமீது மெல்லிய தூவலாகப் பலமுறை தெளிப்பது அவர்கள் கண்ட வழிகளுள் ஒன்று. தெளித்தபின் ஈரக்காற்று வேண்டும், மழையோ பெய்யலாகாது. காற்று வறண்டிருந்தால் நிறம் ஏறாது. மழை பெய்தால் கரைசல் கழுவப்பட்டுப் போகும். மிகுதியாகத் தெளித்தால் பச்சை திட்டுத்திட்டாகப் படிந்து உதிரும். வானத்தை நம்பிச் செய்யும் வேலையாதலின், அதில் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு.

தொழிற்சாலை முறை இக்குறையைப் பெரிதும் நீக்கியது. அங்கே செப்புத் தகட்டின் மேலுள்ள எண்ணெயையும் அழுக்கையும் முதலில் போக்குவர். பின்னர்த் தகட்டின் முகத்தைப் பழுப்பு நிறம் அடையச் செய்வர். அதன்மேல் செப்பு உப்புகள் கலந்த கரைசலைப் பரப்பி, வெப்பமும் ஈரமும் அளவோடு அமைந்த இடத்தில் வைப்பர். நீலம் கலந்த பசுமை தகட்டின்மீது வேர்கொள்ளும். இயற்கை பல்லாண்டுகளில் செய்யும் வேலையின் தொடக்கத்தை மனிதர் சில நாட்களில் செய்து முடிக்கின்றனர்.

'இது வண்ணம் பூசுவதினும் எவ்வகையில் வேறு?' என்று ஒருவர் வினவலாம். வேறுபாடு பெரிது. வண்ணம் உலோகத்தை மூடி மறைக்கும் வேற்றுப்பொருள். அது வெயிலில் வெளுக்கும், காலத்தால் உரியும், மீண்டும் பூசுதல் வேண்டும். முன்பசுமை ஊட்டிய தகட்டின் நிறமோ செம்பின் உப்புகளால் ஆயது. வெயிலும் மழையும் அதனைக் கெடுப்பதற்கு மாறாக வளர்க்கின்றன. தொழிற்சாலையினின்று வரும்போது சற்று வெளிறித் தோன்றும் தகடு, ஆண்டுகள் செல்லச் செல்ல இயற்கைப் பச்சையோடு கலந்து ஆழ்ந்த நிறம் பெறுகின்றது. மனிதர் விதைக்கின்றனர், விளைவிப்பது வானமே.

இத்தகடுகளைக் கையாள்வோர் கவனிக்க வேண்டியன சில உள. தகடுகள் யாவும் ஒரே நிறத்தில் அமைதல் அரிது. ஒன்று வெளிறியும் ஒன்று அடர்ந்தும் இருக்கும். ஆகவே ஒரு கட்டடத்துக்கு வேண்டிய தகடுகளை ஒருங்கே பெற்று, நிறம் ஒத்து வருமாறு கலந்து அமைத்தல் நன்று. அவற்றை ஈரம் படாமல் அடுக்கி வைத்தல் வேண்டும். இன்றேல் கறை படியும். பற்றவைப்பின் சூடு பச்சையைக் கெடுக்குமாதலின், விளிம்புகளை மடித்து ஒன்றோடொன்று கோத்தே இணைப்பர். ஆணிகளும் செம்பாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருத்தல் வேண்டும். இரும்பு, துத்தநாகம், அலுமினியம் ஆகியவற்றைச் செம்போடு சேரவிடலாகாது. செம்பின் மீது வழிந்த நீரும் அவற்றின்மேல் விழலாகாது. சுதந்திர தேவியின் சிலை கற்பித்த பாடம் இதுவேயாகும். அந்நீர் வெண்கற் சுவரில் வழிந்தால் பச்சைக் கறை படியும்; குளத்தில் கலந்தால் மீன்களுக்கும் பாசிக்கும் தீங்காகும். ஆதலின் நீர் செல்லும் வழியை முன்னரே எண்ணி வகுத்தல் வேண்டும்.

இம்முறையால் அமைந்த கட்டடங்களுள் ஒன்று ஜெர்மனி நாட்டுத் தலைநகராகிய பெர்லினில் உள்ளது. டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, சுவீடன் என்னும் ஐந்து நாடுகளின் தூதரகங்கள் அங்கே ஒரே வளாகத்தில் அமைந்துள்ளன. 1999-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அவ்வளாகத்தைச் சுற்றி, ஏறக்குறைய 15 மீட்டர் உயரமுள்ள பச்சைச் செப்பு மதில் வளைந்து செல்கின்றது. முன்கூட்டியே பசுமை ஊட்டிய ஏறத்தாழ 4,000 தகடுகளால் ஆயது அது. ஐந்து நாட்டுக் கட்டடங்களும் தத்தமக்குரிய தனி அமைப்பு உடையன. அவற்றை ஒரு குடும்பமாகக் காட்டுவது அப்பச்சை மதிலே.

இதற்கு மறுதலையான ஒரு கட்டடமும் உண்டு. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் 2005-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற டி யங் அருங்காட்சியகம் முழுவதும் செப்புத் தகடு போர்த்தது. அதற்கு எவ்வகைப் பசுமையும் ஊட்டவில்லை. கடற்காற்றும் மூடுபனியும் தம் போக்கில் நிறம் தரட்டும் என்று விட்டனர். பெர்லினில் உள்ளோர் காலத்தை முந்தினர். சான் பிரான்சிஸ்கோவில் உள்ளோர் காலத்துக்குக் காத்திருக்கின்றனர். இருசாராரும் விரும்புவது ஒன்றே. செம்பு தன் கவசத்தைத் தானே அணிந்து நிற்றல் வேண்டும் என்பதே அது.

1906-ஆம் ஆண்டு மக்கள் வாளா இருந்திருப்பின், பொறியியலாளரும் ஆராயாது விட்டிருப்பின், சுதந்திர தேவியின் சிலை வண்ணப் பூச்சுக்குள் மறைந்திருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைச் சுரண்டிப் பூசும் செலவும் தொல்லையும் தொடர்ந்திருக்கும். நிறம் மாறியதைக் கண்டு நோய் என்று துணியாமல், அதன் காரணத்தை நாடினர், சிலை பிழைத்தது. துலக்கிய குடத்தின் செம்மையும் அழகே. கூரையின்மேல் நின்ற பசுமையும் அழகே. எது குற்றம், எது குணம் என்பதனை நிறத்தைக் கொண்டு துணிதல் ஆகாது. அது நிற்கும் இடத்தையும் செய்யும் வேலையையும் நோக்கியே துணிதல் வேண்டும்.